"சத்தம் போடாதை" என்று வளர்ந்த நாங்கள்

வெள்ளவத்தையில் வளர்ந்த எங்களில் பலர் சின்ன வயதில் அடிக்கடி கேட்டது இதுதான்: "சத்தம் போடாதை, வெளியில கேக்கும்." அழுதாலும் அதே வார்த்தை, கோபம் வந்தாலும் அதே வார்த்தை. பழைய ஆட்களின் கண்டிப்பு என்றுதான் நினைத்திருந்தோம். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு பொரளையில் தொடங்கிய வன்முறை, 25ஆம் திகதி கொழும்பின் பல பகுதிகளுக்கும் பரவியது. வெள்ளவத்தையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பொட்டை அழித்துவிட்டு நடந்தவர்கள் இருக்கிறார்கள். சிங்கள அயலவரின் வீட்டு அறைக்குள் மூச்சுக் காட்டாமல் ஒளிந்திருந்தவர்கள் இருக்கிறார்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமான நிலையமும் அகதி முகாம்களாகின. பலர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள்.

அந்த நாட்களில் அடக்கிக்கொண்டு இருப்பது உயிர் காத்த திறமை. அதை நாங்கள் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆபத்து போன பிறகும் உடம்பு அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அது மட்டுமே கைமாறினால், பரீட்சைப் பயம், காதல் முறிவு, சாவு வீடு எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே மருந்துதான்: வாயை மூடு.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. நாடு முழுக்க அன்றைய தாக்குதல்களில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். கோயில் திருத்தப்பட்டு ஜூன் 12 அன்று மறுபடி திறந்தது. கட்டடத்துக்கு 52 நாள் போதும். மனதுக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆனால் கோயில் மூடியிருந்த நாட்களில் சனம் வெளியே ரோட்டில் மெழுகுதிரி கொளுத்திச் செபித்தது. தனியாக அடக்காமல், பக்கத்தில் ஆள் நிற்க அழுதது. அதுவும் ஒரு திறமைதான்.

போர்க்கால யாழ்ப்பாணத்தில் வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், மந்திரமோ செபமோ திரும்பத் திரும்பச் சொல்வது போன்ற எங்கட மரபு வழிகளைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். காரணம் எளிது. பயத்தில் இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும். வெளிமூச்சை நீட்டி விட்டால் இதயத் துடிப்பு மெல்ல இறங்கும்.

அடுத்த முறை உணர்ச்சி தலைக்கு மேலே போனால், முதலில் மூச்சை மெதுவாக விடுங்கோ. முகத்தைக் குளிர்ந்த தண்ணியில் கழுவுங்கோ. காலுக்குக் கீழே தரை இருக்கிறதைக் கவனியுங்கோ. பிறகு வந்திருப்பது பயமா, கோபமா, துக்கமா என்று பெயர் சொல்லிப் பாருங்கோ. நம்பும் ஒரு ஆளிடம் கதையுங்கோ. அப்படி ஆள் இல்லையென்றால், 1974 முதல் இந்த நாட்டில் கேட்பதையே வேலையாகச் செய்யும் சுமித்ரயோ இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் இருக்கிறது.

ஒருநாள் அம்மம்மாவிடம் 83ஐப் பற்றிக் கேட்டும் பாருங்கோ. கதைக்க விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதேங்கோ. பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடியுங்கோ. கதைத்தால், "சத்தம் போடாதை" என்று மட்டும் சொல்லிவிடாதேங்கோ.