உடல் யாருக்கு உரியது? லேவியராகமம் 19:28 குறித்து ஓர் ஆய்வு

இறந்தோருக்காக உடலைக் கீறிக்கொள்வதையும், உடலில் எழுத்துக் குத்திக்கொள்வதையும் லேவியராகமம் 19:28 ஒரே வசனத்தில் விலக்குகிறது. காஞ்சிபுரத்தில் இதைப் போதிப்போருக்கு இது தொலைநாட்டுச் செய்தியன்று. நம் மூதாட்டியர் பலரின் முன்கைகளில் இளமையில் குத்திய பச்சை உண்டு. இறந்த தாயின் பெயரைக் கையில் பொறித்துக்கொண்ட இளைஞரும் உளர். துக்க வீடுகளில் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்கின்றனர். வசனத்தைக் காட்டி இவர்களைக் கடிந்துகொள்வது எளிது. ஆயினும், கட்டளை எதை விலக்கிற்று என்பதை முதலில் ஆராய்தல் நம் கடமை.

கீறுதல் கானான் நாட்டுத் துக்க முறையாகும். 1929 முதல் அகழப்பட்ட உகாரித்து நகரின் களிமண் பலகைகளில், பாகால் மாண்டான் எனக் கேட்ட ஏல் தெய்வம் தன் உடலையே கீறிக்கொள்வதாகக் காண்கிறோம். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளும் அவ்வாறே செய்தனர் (1 இராஜாக்கள் 18:28). இஸ்ரவேலரிடையேயும் இவ்வழக்கம் எளிதில் மறையவில்லை. எருசலேம் வீழ்ந்தபின் சீகேம், சீலோ, சமாரியாவிலிருந்து காணிக்கையுடன் வந்த எண்பது பேர், உடலைக் கீறிக்கொண்டே கர்த்தரின் ஆலயத்திற்கு வந்தனர் (எரேமியா 41:5).

தடைக்கான காரணத்தை உபாகமம் 14:1 தருகிறது: அவர்கள் கர்த்தருடைய பிள்ளைகள். பிள்ளையின் உடல் தகப்பனுக்கு உரியது. சாவு அதன்மேல் கையொப்பமிடலாகாது. ஆனால் நியாயப்பிரமாணம் அழுகையை விலக்கவில்லை. புலம்பற்காரிகளை அழைத்து வரும்படி எரேமியாவே சொல்கிறார் (9:17). உடலைக் கீறாமல் உடையைக் கிழிப்பது யூதரின் துக்க முறையாக நிலைத்தது. தாய் தந்தையருக்காகக் கிழித்த உடையை முப்பது நாளுக்குப்பின் ஓட்டுத்தையல் இடலாம். ஆனால் கிழிசல் தெரியாதபடி ஒருபோதும் செப்பனிடலாகாது என்பது தல்மூதின் விதி. அறுந்த இழையை முடிந்து மறைக்கும் நெசவாளர் வாழும் நம் ஊரில், இவ்விதியின் பொருள் விளக்கமின்றியே விளங்கும். துக்கத்தின் தழும்பு உடையில் நிற்கலாம், தோலில் அன்று.

எழுத்துக் குத்துதல் வேறு கேள்வியை எழுப்புகிறது. இதைக் குறிக்கும் எபிரெயச் சொல் திருமறையில் இவ்விடத்தில் மட்டுமே வருவதால், அதன் பொருளை வழக்காற்றைக் கொண்டே அறிய வேண்டும். கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா (மக்கோத் 3:6), எழுதுவதும் மையால் குத்துவதும் சேர்ந்தாலே குற்றம் என்கிறது. தெய்வத்தின் பெயரை எழுதினாலன்றிக் குற்றமில்லை என்ற ரபி சிமியோனின் கருத்தையும் அது பதிவு செய்கிறது. உடலில் எழுதிய பெயர் உரிமையாளனைக் காட்டியது என்பதற்கு எகிப்தின் எலிபந்தீனே தீவில் வாழ்ந்த யூதரின் பத்திரங்கள் சான்று. கி.மு. 427இல் மெசுல்லாம் என்பவர், தம் மரணத்திற்குப்பின் செல்லுமாறு, தம் அடிமைப் பெண்ணுக்கு விடுதலைப் பத்திரம் எழுதினார். அவள் வலக்கையில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அவள் கடவுளுக்கென விடுவிக்கப்பட்டாள் என்று அப்பத்திரம் கூறுகிறது.

இவ்வுரிமைப் பொருளை நம் அயலாரும் அறிவர். வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்து வாழும் ஸ்ரீவைஷ்ணவர் பெறும் ஐந்து சம்ஸ்காரங்களுள் முதலாவது தாபம். காய்ச்சிய சக்கர முத்திரை வலத்தோளிலும் சங்கு முத்திரை இடத்தோளிலும் ஒற்றப்படும். இராமாநுசர் இச்சம்ஸ்காரங்களைப் பெரிய நம்பியிடம் மதுராந்தகத்தில் பெற்றார் என்பது மரபு. அம்முத்திரை பெற்றவர் தம்மைத் திருமாலின் அடியார் என்றே கூறுவர். தான் கர்த்தருடையவன் என ஒருவன் தன் கையில் எழுதுவதை ஏசாயாவும் பழிப்பாகக் கூறவில்லை (44:5).

ஆகவே இவ்வசனத்தின் கேள்வி, தோலில் மை உண்டா என்பதன்று. இவ்வுடல் யாருக்கு உரியது என்பதே. கல்லறைத் தோட்டத்தில் புலம்பும் தாயை அடக்க இவ்வசனத்தைப் பயன்படுத்துவது அதன் நோக்கத்திற்கே மாறானது. பச்சை குத்திய கையுடன் ஞானஸ்நானம் கேட்டு வருவோரை அதன் பொருட்டுத் தயங்க வைப்பதும் அவ்வாறே. மெசுல்லாமின் பத்திரம் அப்பெண்ணின் கையிலிருந்த பெயரை அழிக்கவில்லை. அப்பெயரோடே அவள் கடவுளுக்குரியவள் ஆனாள்.