கண்ணில் விழுந்த பூ

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு ஏலத்தோட்டம் என்றால் வண்டன்மேடுதான். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. 1972-ல் இடுக்கி மாவட்டமும் வந்தது. ஆனாலும் எங்க ஊர்ப் பெண்கள் மலையேறுவது நிற்கவில்லை. என் அப்பத்தாவும் அப்படிப் போனவர்தான்.

1974-ல் ஒரு நாள் ஏலத்தோகை அவர் வலது கண்ணைக் கீறிவிட்டது. நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்தார்கள். பிள்ளை பெற்ற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். மூன்றாவது வாரம் கருவிழி வெளுத்தது. "பூ விழுந்துடுச்சு" என்றார்கள். அவ்வளவுதான், அந்தக் கண் போச்சு.

பல வருஷம் கழித்துத்தான் எனக்குக் காரணம் புரிந்தது. இலையிலும் மண்ணிலும் வாழும் பூஞ்சை, கீறல் வழியே கருவிழிக்குள் இறங்கிவிடுகிறது. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கதிரறுக்கும் நம்மவர்களுக்கு நெல்லின் சுணையே போதும். மதுரை அரவிந்த் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மூன்று மாதத்தில் கருவிழிப்புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதியில் பூஞ்சை மட்டுமே இருந்தது!

மூலிகையைப் பழிக்க நான் வரவில்லை. வேம்பு, பூண்டுச் சாறுகள் ஆய்வுக்கூடத் தட்டில் பூஞ்சையை அடக்குவது உண்மைதான். ஆனால் தட்டு வேறு, கண் வேறு. வீட்டில் கசக்கிய சாற்றோடு புதுக் கிருமியும் சேர்ந்தே உள்ளே போகும்.

கடைசியில் மருந்து வந்தது செடியிலிருந்து அல்ல, மண்ணிலிருந்து. 1955-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர் தந்தது நேட்டாமைசின். 1860-ல் நம்மவர்கள் கரும்புக்காட்டுக்குக் கப்பலேறிய அதே நேட்டால்! 1978-ல் அமெரிக்கா அதைக் கண்சொட்டாக அனுமதித்தது. மதுரை, புதுச்சேரி, கோவை அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் இதையும் வோரிகோனசோலையும் ஒப்பிட்டார்கள். 2013-ல் வெளியான முடிவில் நேட்டாமைசினே மேல் என்று தெரிந்தது. 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இடம்பிடித்தது.

அரவிந்த் 11 படுக்கைகளோடு தொடங்கியதே 1976-ல்தான். அப்பத்தாவுக்கு அடிபட்டபோது மதுரையில் அதுவும் இல்லை, இந்தச் சொட்டும் இல்லை. நந்தியாவட்டையை விட்டால் அவருக்கு வேறு என்ன இருந்தது?

இன்று அப்படியில்லை. ஊருக்கு ஃபோன் பேசும்போது மறக்காமல் சொல்லுங்கள்: இலையோ உமியோ பட்டுக் கண் சிவந்தால் சாறு பிழிய வேண்டாம், கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டும் விட வேண்டாம். அது பூஞ்சைக்குத் தீனி போட்ட மாதிரி. அன்றைக்கே தேனிக்கோ கோவைக்கோ பஸ் ஏறச் சொல்லுங்கள்.