தொப்பிக்குள் ஒளிந்திருந்த கேமரா

1840 பிப்ரவரி 10. லண்டனில் விக்டோரியா மகாராணிக்கும் ஆல்பர்ட்டுக்கும் திருமணம். டாகேரின் புகைப்பட முறை முந்தைய ஆண்டுதான் உலகுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் அந்த அரச கல்யாணத்துக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. இருவரும் அரசவை உடையில் ரோஜர் ஃபென்டனின் கேமரா முன் நின்றது 1854 மே மாதத்தில். அப்போது எடுத்த படங்களைக் கல்யாணப் படங்கள் என்றே இன்றும் பலர் நம்புகிறார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்த கேமரா, வந்ததும் ஒரு கட்டளை போட்டது: அசையக் கூடாது!

அந்தக் கட்டளையை மீற வெகுகாலம் யாராலும் முடியவில்லை. முக்காலி மேல் பெரிய பெட்டி, கண்ணாடித் தகடு, நொடிக்கணக்கில் திறந்திருக்கும் லென்ஸ். தலை ஆடாமலிருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வேறு. கேமரா கல்யாண வீட்டுக்கு வராது. மணமக்கள்தான் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். நம்மூரிலும் அதே கதை: வரைந்த திரைச்சீலை, ஒருவருக்கு நாற்காலி, மற்றவர் பக்கத்தில் விறைப்பாக நிற்க வேண்டும். கல்யாணத்தன்று சிரித்த சிரிப்பும் அழுத அழுகையும் எந்தத் தகட்டிலும் பதியவில்லை. இந்த விறைப்பை உடைக்க வந்தவரோ புகைப்படக்காரரே இல்லை.

எரிக் சாலமன், 1886இல் பெர்லினில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். முதல் உலகப் போரில் பிரான்சில் கைதியாகப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பினால், ஜெர்மனியின் பணவீக்கத்தில் சொத்தெல்லாம் கரைந்துபோயிற்று. வாடகைக்குக் கார் ஓட்டினார். பயணத்தோடு சட்ட ஆலோசனையும் கிடைக்கும் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அந்த வேடிக்கையான விளம்பரம் உல்ஸ்டைன் என்ற பெரிய பதிப்பகத்தின் கண்ணில் பட்டது. விளம்பரப் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கேயே ஓய்வுபெற்றிருப்பார், ஒரு ஞாயிற்றுக்கிழமை சூறாவளி அடிக்காமலிருந்தால்.

ஸ்ப்ரே ஆற்றங்கரை உணவகம் ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தபோது, காற்றில் மரங்கள் சாய்ந்து ஒரு பெண் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. டாக்சி பிடித்து ஒரு புகைப்படக்காரரைத் தேடி அழைத்துப்போய்ப் படமெடுக்க வைத்து, உல்ஸ்டைனிடமே விற்றார். கிடைத்த பணத்தில் பெரும்பங்கு புகைப்படக்காரருக்கு. அவர் சும்மா போகாமல், நீங்களே எடுத்திருக்கலாமே என்று சொல்லிவிட்டுப் போனார். சாலமன் மறுநாளே கேமராவுக்கு அலைந்தார். அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருந்தார்.

அவர் கையில் வந்து சேர்ந்தது எர்மனாக்ஸ். டிரெஸ்டனில் உருவான சின்னக் கேமரா. கண்ணாடித் தகட்டை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். ஆனால் அதன் லென்ஸ் அன்றைய கணக்கில் பேரதிசயம்: பல்பு வெளிச்சமே போதும், ஃபிளாஷ் வேண்டாம். 1928இல் ஜெர்மனியில் ஒரு கொலை வழக்கு விசாரணை. நீதிமன்றத்துக்குள் படமெடுக்கத் தடை. தொப்பியில் ஓட்டை போட்டு, லென்ஸை அதற்குள் பொருத்தி, சாலமன் அமைதியாக உள்ளே நுழைந்தார்.

படங்கள் வெளியானதும் பரபரப்பு. அதன்பின் அவருக்குப் பூட்டிய கதவே இல்லை. அதே ஆண்டு பாரிஸில் கெல்லாக்-பிரியாண்ட் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, போலந்து பிரதிநிதிக்கான காலி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குள் கை முறிந்தவர்போலக் கட்டுப் போட்டு, கேமராவை அதற்குள் மறைத்து எடுத்துப் போனார். என் கணக்கில் அவருடைய பெரிய கருவி கேமரா அல்ல, கோட்டுதான். விருந்துக்கு வந்தவர்களைப் போலவே உடுத்தினார், பல மொழிகளில் பேசினார், ஓரமாக நின்று காத்திருந்தார். தலைவர்கள் கொட்டாவி விட்டதும், நள்ளிரவில் சோபாவில் சாய்ந்ததும் அப்படித்தான் பதிவாயின. லண்டன் பத்திரிகை ஒன்று அந்தப் பாணிக்குக் கேண்டிட் என்று பெயர் வைத்தது.

யூதர் என்பதால் ஜெர்மனியை விட்டு நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்தார். நாஜிகள் அங்கும் வந்தார்கள். 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் அவர் உயிர் பறிக்கப்பட்டது. அவர் பாணி மட்டும் பத்திரிகைகளில் தழைத்தது. 1925இல் சந்தைக்கு வந்த, ஆஸ்கர் பர்னாக்கின் கையடக்க லைக்கா கேமரா அதற்குக் கால்கள் கொடுத்தது. கல்யாண மண்டபத்தில் மட்டும் பழைய கட்டளையே நீடித்தது: இங்கே பாருங்கள், சிரியுங்கள், அசையாதீர்கள்.

அதையும் மீறியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் அட்லாண்டாவைச் சேர்ந்த டெனிஸ் ரெஜி. கல்யாணத்தை நடத்தக் கூடாது, நடப்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்றார். 1996 செப்டம்பர் 21, ஜார்ஜியாவின் கம்பர்லேண்ட் தீவில் அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடியின் மகனுக்கும் கரோலின் பெசெட்டுக்கும் ரகசியத் திருமணம். சின்ன மரத் தேவாலயம், மெழுகுவர்த்தி வெளிச்சம். சடங்கு முடிந்து வெளியே வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. யாரும் சொல்லாமலே மாப்பிள்ளை மணப்பெண்ணின் கையைப் பிடித்து முத்தமிட்டார். ரெஜியின் விரல் அழுந்தியது. ஊடகங்கள் தவித்துக் கிடந்த அந்த ஒரு படம் உலகமெங்கும் போயிற்று. எங்களுக்கும் இப்படி வேண்டும் என்று மணமக்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

2010க்குப் பிறகு அந்த ஆசை தமிழ்நாட்டு மண்டபங்களுக்கும் வந்து சேர்ந்தது. தாலி ஏறும்போது துண்டால் கண்ணைத் துடைக்கும் அப்பா, மெஹந்திக் கையோடு தோழியிடம் கிசுகிசுக்கும் மணப்பெண், பந்தியில் பாயசத்துக்கு ஏங்கும் குழந்தை எல்லாம் ஆல்பத்துக்குள் நுழைந்தது அதனால்தான். மேடையில் வரிசை கட்டி நிற்கும் படமும் போய்விடவில்லை, போகவும் கூடாது. யார் யார் வந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. ஆகவே இன்று பல கல்யாணங்களுக்கு இரண்டு குழுக்கள் வருகின்றன. டிரெடிஷனல் குழு மேடைக்கு எதிரே நிற்கிறது. கேண்டிட் குழு கூட்டத்துக்குள் சுற்றுகிறது. பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான் கட்டணம் அதிகம்.