எண்ணெய் ஏறிய ஃபிரிட்ஜை யார் கழுவியது?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை. மணலியிலிருந்து வெளியேறிய எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். அங்கே படகு, வலை, கரை எல்லாம் கறுத்துப்போயின. எர்ணாவூர் பக்கம் தாழ்வான தெருக்களில் எண்ணெய் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் ஒரு கறுப்புக் கோடு நின்றது. அதே உயரத்தில் ஃபிரிட்ஜிலும் கிரைண்டரிலும் ஒரு கோடு.

படகில் படிந்த எண்ணெயைப் பற்றி அப்போது எல்லோரும் எழுதினார்கள், நாமும் எழுதினோம். ஃபிரிட்ஜில் இருந்த கோட்டைத் துடைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. சமையலறைச் சாமானைக் கழுவுவது ஒரு அரசியல் விஷயமாக நமக்கே படவில்லை. ஆனால் இந்த வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு நெடுகச் சாதி உண்டு.

பின்வாசல்

ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்பு சமையலறையின் பெரிய சாமான்கள் அம்மி, ஆட்டுக்கல், பித்தளை அண்டா. இவற்றைப் பராமரிக்கிற வேலை பெரும்பாலும் வாசலுக்கு வெளியே நடந்தது. அம்மி கொத்துபவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். ஈயம் பூசுபவர் தெருமுனையில் துருத்தி வைத்து உட்காருவார். சாமான் வெளியே போகும், வேலை முடிந்து உள்ளே வரும். வேலை செய்தவர் உள்ளே வருவதில்லை.

தினசரிக் கழுவலும் அப்படித்தான். ‘பத்துப் பாத்திரம் தேய்ப்பது’ என்று இன்றும் சாதாரணமாகச் சொல்கிறோம். பத்து என்பது தீட்டைக் குறிக்கும் சொல், சமைத்த சோறு பட்ட பாத்திரம் பத்து. ஆசாரமான வீடுகளில் அதைப் புழக்கடையில் போட்டுவிடுவார்கள். வேலைக்கார அம்மா பின்வாசல் வழியாக வந்து தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போவார். வீட்டுக்காரர்கள் அதன்மேல் தண்ணீர் தெளித்து உள்ளே எடுப்பார்கள். தலித் பெண்களுக்குப் பல வீடுகளில் அந்தப் பின்வாசல்கூடத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தியாவில் கோத்ரெஜ் முதல் ஃபிரிட்ஜைத் தயாரித்தது 1958இல். ஃபிரிட்ஜைப் புழக்கடைக்குத் தூக்கிப்போக முடியாது. கழுவ வேண்டுமானால் கழுவுபவர் சமையலறைக்குள் வந்தாக வேண்டும். அதோடு சாதி போய்விட்டதா என்றால் இல்லை, புதிய விதி வந்தது. ஃபிரிட்ஜின் தட்டுகளைக் கழற்றிக் கழுவலாம், அதில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிக்கக் கூடாது. அடுப்பின் பிசுக்கைச் சுரண்டலாம், அந்த அடுப்பில் சமைக்கக் கூடாது. வீட்டுவேலை செய்யும் அக்காக்களிடம் பேசிப் பாருங்கள். தனி டம்ளர் எங்கே வைக்கப்பட்டிருக்கும் என்று அவர்கள் கை காட்டிச் சொல்வார்கள்.

இன்று இதே வேலைக்கு ‘டீப் கிளீனிங்’ என்று பெயர். செயலியில் பதிவு செய்தால் சீருடையும் கையுறையுமாக ஆள் வருகிறார். ஃபிரிட்ஜுக்குத் தனி விலை, சிம்னிக்குத் தனி விலை. வீட்டுவேலைக்கு வரும் அக்காவுக்கோ அது பொங்கலுக்கு முன்னால் ‘கொஞ்சம் சேர்த்துப் பார்த்துக்கோ’ என்கிற இலவச வேலை. தமிழ்நாட்டில் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கு நலவாரியம் 2007இல் வந்தது. 2018இல்தான் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்பட்டது: மணிக்கு 37 ரூபாய். வீட்டுவேலையாளர் உரிமைக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கைக்கு 2011இல் ஆதரவாக வாக்களித்த இந்தியா, அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

குப்பத்துக்கு வந்த கிரைண்டர்

வடசென்னையின் சமையலறைகளுக்கு இந்தச் சாமான்கள் வந்த வழி வேறு. 2006க்குப் பிறகு இலவச கேஸ் அடுப்பு. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் மாதத் தவணையில் வந்தன. ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் நிற்கிறது என்றால், அந்த வீட்டுப் பெண் சில வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது நிற்கிறது என்று பொருள்.

அமெரிக்க வரலாற்றாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்ற நூலில், வீட்டு இயந்திரங்கள் வந்ததால் பெண்களின் வேலை குறைந்துவிடவில்லை என்று காட்டினார். இங்கே அதோடு இன்னொன்றும் சேர்கிறது. அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜைத் துடைத்துவிட்டு வரும் பெண், தன் வீட்டு ஃபிரிட்ஜை இரவில்தான் துடைக்கிறாள்.

எண்ணெய் தண்ணீரில் போகாது

வெள்ளச் சேறு என்றால் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். இது சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய். தண்ணீர் பட்டால் இன்னும் பரவும். முதலில் துணியாலோ காகிதத்தாலோ ஒற்றி எடுக்க வேண்டும், பிறகு சோப்புத்தூள், பிறகு தேய்ப்பு, மறுபடி முதலிலிருந்து. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தால் சீக்கிரம் விடும், ஆனால் அது கைத்தோலை அரிக்கும், மூடிய அறையில் தலை சுற்றும்.

ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் அடியில் இருக்கிறது. கிரைண்டரின் மோட்டாரும் அடியில்தான். அதனால் முழங்கால் அளவு வெள்ளமே இரண்டையும் காலி செய்யப் போதும். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் கதவு ரப்பரின் மடிப்பிலும் பின்பக்கக் கம்பிகளிலும் எண்ணெய் தங்கிவிடும், நாற்றம் போகாது. காயாமல் சுவிட்சைப் போட்டால் ஷாக் அடிக்கும். இத்தனையும் தெரிந்தே பெண்கள் உட்கார்ந்து தேய்த்தார்கள், ஏனென்றால் தவணை இன்னும் முடியவில்லை.

முகத்துவாரக்குப்பத்தில் ஆண்கள் படகில் போய், டப்பாவாலும் வெறுங்கையாலும் எண்ணெயை அள்ளி டிரம்மில் நிரப்பினார்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் வாளியால்தான் அள்ளினோம். ஏழு வருடத்தில் வாளி மாறவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையைச் சுத்தம் செய்ய வெளிமாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தூய்மைப் பணியாளர்களை அழைத்து வந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், பலருக்குக் கையுறைகூட இல்லை. நகரம் அழுக்கானால் நாம் வருகிறோம். நம் தெரு அழுக்கானாலும் நாமே கழுவிக்கொள்கிறோம்.

முகத்துவாரக்குப்பம் மீனவர் ஊர்தானே, இதில் தலித் அரசியல் எங்கே என்று சில தம்பிகள் கேட்கலாம். மணலி சுத்திகரிப்பு ஆலைக்கான நிறுவனம் 1965இல் உருவானது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கியது. நகரத்துக்கு மின்சாரமும் பெட்ரோலும் போனது. சாம்பலும் புகையும் எண்ணெயும் இங்கே தங்கின. வீட்டுக்குப் புழக்கடை போல நகரத்துக்கு எண்ணூர். அந்தப் புழக்கடையில் மீனவரும் தலித்தும் இருளரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். சாதி வேறு, நிறுத்தப்பட்ட இடம் ஒன்று.

கணக்கில் எது வந்தது?

எண்ணெய்ப் படலத்துக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணம் சுமார் 8.68 கோடி ரூபாய். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500. 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000. வாழ்வாதாரம் பாதித்த 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. போராடிக் கேட்டதால் கிடைத்த தொகை இது, குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பட்டியலை மறுபடி பாருங்கள். படகுக்கு ஒரு வரி இருக்கிறது. படகில்லாமல் கழிமுகத்தில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளருக்கு அந்த வரியில் இடமில்லை. ஃபிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் வரி இல்லை. அவற்றைத் தேய்த்த நாட்களுக்கு, அந்த நாட்களில் வேலைக்குப் போகாமல் இழந்த கூலிக்கு, வெந்துபோன கைக்கு எந்த வரியும் இல்லை. பத்துப் பாத்திரம் தேய்த்தவளின் உழைப்பை எந்த வீட்டுக் கணக்கு மதித்தது, அரசுக் கணக்கு மதிக்க?

அடுத்த மழைக்குப் பிறகு உங்களில் பலர் கணக்கெடுப்புப் படிவத்தோடு தெருவில் இறங்குவீர்கள். குடும்பத் தலைவர் பெயர், படகு, வலை என்பதோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் என்னென்ன சாமான் கெட்டது, எத்தனை தவணை பாக்கி, யார் கழுவினார், எத்தனை நாள், எதைக் கொண்டு, எத்தனை நாள் கூலி போனது என்று ஐந்தாறு கேள்வி சேருங்கள். பதிலை அந்த வீட்டுப் பெண்ணிடமே கேட்டு எழுதுங்கள். 2023இல் நாங்கள் எடுத்துப்போன படிவத்தில் இந்தக் கேள்விகள் இல்லை. அதனால் அந்தக் கறுப்புக் கோட்டைத் துடைக்க எத்தனை நாள் ஆனது என்பதற்கு இன்று எங்களிடம் எழுத்தில் ஒரு ஆதாரமும் இல்லை.