கூரையைக் காத்தவர்களும் கைவிட்டவர்களும்: டெட்ராய்ட் நகரின் காலிக் கட்டடங்கள்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், பாக்லி வீதியில், கார் நிறுத்துமிடம் ஒன்று இருக்கிறது. மூன்று தளங்களில் கார்கள் நிற்கின்றன. அவற்றுக்கு மேலே ஐரோப்பிய அரண்மனைகளின் பாணியில் வார்த்த காரை வேலைப்பாடுகள் உதிர்ந்தும் உதிராமலும் தொங்குகின்றன. 1926-இல் சுமார் 4,000 இருக்கைகளுடன் திறக்கப்பட்ட மிச்சிகன் திரையரங்கு இது. 1976-இல் மூடப்பட்டபோது இதை இடித்துவிடத்தான் எண்ணினார்கள். இடித்தால் ஒட்டி நிற்கும் அலுவலகக் கட்டடத்துக்கும் ஆபத்து வரும் என்று தெரிந்ததால், இருக்கைகளையும் மாடங்களையும் அகற்றிவிட்டு உள்ளேயே கான்கிரீட் தளங்களைப் போட்டார்கள். ஹென்றி ஃபோர்டு 1896-இல் தம் முதல் மோட்டார் வண்டியைச் செய்து முடித்த கொட்டகை இருந்ததும் இதே இடத்தில்தான்.

கார் பிறந்த இடத்தில் திரையரங்கு எழுந்ததையும், அந்தத் திரையரங்குக்குள் கார்கள் புகுந்ததையும் வியக்காத பயணக் கட்டுரையாளர் குறைவு. வியப்பதற்கு உரியதுதான். ஆனால் இன்னும் கவனிக்கவேண்டிய ஒன்று அங்கே உண்டு. அலங்காரக் கூரை இன்றும் மிஞ்சியிருப்பதற்குக் காரணம், அதன் கீழே எப்போதும் ஏதோ ஒரு வாடகை வந்துகொண்டிருந்ததுதான். அழகில் அதற்குச் சற்றும் குறையாத பல கட்டடங்கள் அதே நகரில் மண்ணோடு மண்ணாகிவிட்டன.

1950-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18,49,568. 2020-இல் அது 6,39,111. மோட்டார் நிறுவனங்கள் பல மாடித் தொழிற்சாலைகளை விட்டு, புறநகரில் மலிவாகக் கிடைத்த பரந்த நிலத்தில் ஒரே தளமாக விரியும் ஆலைகளைக் கட்டின. நெடுஞ்சாலைகள் நகரின் குடியிருப்புகளை, குறிப்பாகக் கறுப்பின மக்களின் வீதிகளை, பிளந்துகொண்டு போயின. வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தன. கடைகளும் அலுவலகங்களும் பின்தொடர்ந்தன. 2013 ஜூலையில் நகராட்சியே திவால் மனு கொடுத்தது. மக்கள் போகலாம், முதலீடு போகலாம். பதினெட்டு மாடிக் கட்டடம் எங்கே போகும்? அது நின்ற இடத்திலேயே நின்றது.

ஆளில்லாமல் போனதாலேயே ஒரு கட்டடம் அழிந்துவிடுவதில்லை. அதை அழிப்பது தண்ணீர். முதலில் பழைய உலோகத்துக்காகத் திருடர்கள் வருகிறார்கள். செம்புக் குழாய், மின்கம்பி, கூரைத் தகடு என்று ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் போகிறார்கள். தகடு போனதும் மழை உள்ளே இறங்குகிறது. மழைநீர் வடிகுழாய் அடைபட்டால் மொட்டைமாடி குளமாகிறது. டெட்ராய்ட்டின் குளிர்காலத்தில் அந்த நீர் காரையின் விரிசல்களுக்குள் உறைந்து பருக்கிறது, உருகுகிறது, மறுபடி உறைகிறது. முகப்பின் சுடுமண் ஓடுகளைப் பிடித்திருக்கும் இரும்புக் கொக்கிகள் துருவேறி வீங்கி, ஓட்டை வெளியே தள்ளுகின்றன. பத்துப் பதினைந்து குளிர்காலங்கள் இப்படிக் கழிந்தால், பழுதுபார்க்கும் செலவு புதிதாகக் கட்டும் செலவைத் தாண்டிவிடுகிறது. கட்டடத்தின் விதி தீர்மானமாவது இந்த இடைக்காலத்தில்தான். இடிப்புக்கும் புதுப்பிப்புக்கும் நடக்கும் விழாக்களில் புகைப்படம் எடுப்பவர்கள் இந்த ஆண்டுகளில் அங்கே வருவதில்லை.

பேக்கார்டு மோட்டார் தொழிற்சாலைக்கு நேர்ந்தது இதுவே. ஆல்பர்ட் கான் வடிவமைத்த இந்த ஆலையின் பத்தாம் எண் கட்டடம் 1905-இல் இரும்புக்கம்பி பதித்த கான்கிரீட்டால் எழுந்தது. மரத்தூண்களின் நெருக்கமும் தீப்பிடிக்கும் அச்சமும் நீங்கி, அகன்ற ஜன்னல்கள் வழியே வெளிச்சம் வேலைத்தளத்தின் நடுவரை வந்தது. உலகெங்கும் தொழிற்சாலைகள் கட்டப்படும் முறையையே மாற்றிய முன்னோடிகளில் அது ஒன்று. காலப்போக்கில் வளாகம் ஏறத்தாழ 35 லட்சம் சதுர அடியாக வளர்ந்தது. 1950-களில் கார் உற்பத்தி நின்றது. அப்போதும் உடனே அது பாழடைந்துவிடவில்லை. சிறு பட்டறைகளும் கிடங்குகளும் வாடகைக்கு இருந்தவரை, பல பத்தாண்டுகளுக்கு, உயிரோடுதான் இருந்தது. அவர்களும் வெளியேறிய பிறகுதான் சரிவு வேகம்பிடித்தது.

2013-இல் சொத்துவரி நிலுவைக்காக அந்த வளாகம் ஏலத்துக்கு வந்தது. மிச்சிகன் மாநிலச் சட்டப்படி வரி மூன்றாண்டு செலுத்தப்படாத சொத்தைக் கவுன்ட்டி நிர்வாகம் கையகப்படுத்தி ஏலம்விடலாம். பெருவில் இயங்கிவந்த ஒரு கட்டுமான முதலீட்டாளர் 4,05,000 டாலருக்கு அதை எடுத்தார். ஒரு பெரிய வீட்டின் விலைக்கு ஒரு நகரத்தின் தொழில் வரலாறு கைமாறியது. வாங்குவது எளிதாக இருந்தது, பேணுவது கைக்கு எட்டாததாக இருந்தது. 2019-இல் சாலைக்கு மேலே சென்ற பேக்கார்டு பாலம் இடிந்து விழுந்தது. 2022-இல் நீதிமன்றம் வளாகத்தை இடிக்க உத்தரவிட்டது. 2024 முடிவதற்குள் இடிப்பு வேலை நிறைவுபெற்றது. நிபந்தனையே இல்லாமல் ஏலம்விட்ட முறை இந்த இழப்பில் பெரும்பங்கு வகித்தது. கூரையைப் பழுதுபார்க்கவும் காவல் போடவும் பணம் உண்டா என்று கேளாமல் ஒரு பெருங்கட்டடத்தை விற்பது, அதன் இடிப்பை ஒத்திப்போடுவது மட்டுமே.

ஹட்சன்ஸ் பல்பொருள் அங்காடியின் கதை வேறு வகை. உட்வர்டு அவென்யூவில் 20 லட்சம் சதுர அடிக்கு மேல் விரிந்திருந்த அந்தக் கடை 1983-இல் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக நகரத்துக் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் துணிமணி வாங்கிய இடம். 1998 அக்டோபர் 24 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். சிதறிய இடிபாடு அருகிலிருந்த உயர்மட்ட ரயில்பாதையையும் சேதப்படுத்தியது. காலியான மனையில் உடனே ஏதோ ஒன்று எழும் என்று சொல்லித்தான் இடித்தார்கள். நிலத்தடியில் கார் நிறுத்துமிடம் வந்தது. மேலே புதிய கட்டடத்துக்கான வேலை தொடங்கியது 2017 டிசம்பரில். பத்தொன்பது ஆண்டுகள் அந்த இடத்தில் நினைவுகூடச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இல்லை.

இந்த இடிப்புகளுக்கெல்லாம் முன்பே, 1995-இல், கமிலோ ஹோசே வெர்காரா என்ற புகைப்படக் கலைஞர் ஒரு யோசனையை முன்வைத்தார். நகர மையத்தில் காலியாக நிற்கும் பழைய உயர்மாடிக் கட்டடங்களை ஏதென்ஸின் அக்ரோபோலிஸ்போல இடிபாடுகளாகவே விட்டுவைக்கலாம் என்றார். நகரத்தார் கொதித்துப்போனார்கள். அவருடைய படங்களில் இருந்த பரிவு உண்மையானது. இருந்தாலும் கோபப்பட்டவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. ஏதென்ஸின் பாறைமேல் யாரும் குடியிருக்கவில்லை. டெட்ராய்ட்டில் அந்தக் கட்டடங்களின் நிழலில் மக்கள் பேருந்துக்குக் காத்திருந்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போனார்கள், மேலிருந்து ஓடு விழுமோ என்று அண்ணாந்து பார்த்தார்கள். பின்னாளில் உலகெங்குமிருந்து கேமராவுடன் வந்தவர்களின் படங்களில் பெரும்பாலும் அந்த மனிதர்களைக் காணோம்.

அப்படி மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட கட்டடம் மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தை வடிவமைத்த வாரன் அண்ட் வெட்மோர், ரீட் அண்ட் ஸ்டெம் நிறுவனங்களே இதையும் வடிவமைத்தன. பழைய நிலையம் தீப்பற்றியதால் 1913 டிசம்பர் 26 அன்றே அவசரமாக இங்கே ரயில்கள் வரத் தொடங்கின. ரோமானியக் குளியல் மண்டபங்களை நினைவூட்டும் காத்திருப்புக் கூடம், அதன் பின்னே பதினெட்டு மாடி அலுவலகக் கோபுரம். நகர மையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி, நகரம் அந்தத் திசையில் வளரும் என்று நம்பிக் கட்டினார்கள். நகரம் வளரவில்லை, போதிய கார் நிறுத்துமிடமும் இல்லை. கோபுரத்தின் மேல்தளங்கள் சில முழுமையடையவே இல்லை. 1988 ஜனவரியில் கடைசி ரயில் புறப்பட்டது.

பிறகு முப்பது ஆண்டுகள். ஜன்னல் கண்ணாடிகள் போயின, சலவைக்கல் போயிற்று, கடிகாரமும் போயிற்று. 2009-இல் மாநகர மன்றம் இடிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. 1975 முதல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இருந்த கட்டடம் என்பதைச் சுட்டி நகரவாசி ஒருவர் வழக்குத் தொடுக்க, இடிப்பு நின்றுபோனது. உரிமையாளர், கனடாவை இணைக்கும் அம்பாசடர் பாலத்தை வைத்திருந்த குடும்பம். நகர நிர்வாகத்துடனான நில உடன்பாட்டின் ஒரு பகுதியாக, 2015 வாக்கில் அவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய ஜன்னல்களைப் பொருத்தினார்கள். ஆளில்லாக் கட்டடத்துக்கு ஜன்னல் எதற்கு என்று அப்போது பலர் கேட்டார்கள். அந்த ஜன்னல்கள் மழையையும் பனியையும் ஓரளவு தடுத்தன. கட்டடத்தின்மேல் யாருக்கோ கவனம் இருக்கிறது என்பதையும் வெளியே தெரிவித்தன.

2018-இல் ஃபோர்டு நிறுவனம் அதை வாங்கியது. முதல் வேலையே உலர்த்துவதுதான். அடித்தளத்திலிருந்து 35 லட்சம் கேலன் தண்ணீரை இறைத்தார்கள். அதாவது ஒரு கோடியே முப்பது லட்சம் லிட்டர். காத்திருப்புக் கூடத்தின் வளைகூரையில் குவாஸ்டவினோ முறையில் பதித்த ஓடுகள் சுமார் 29,000; இத்தனை ஆண்டு ஈரத்துக்குப் பிறகும் அவற்றில் ஏறக்குறைய 1,300 ஓடுகளை மட்டுமே மாற்ற வேண்டியிருந்தது. மெல்லிய ஓடுகளை அடுக்கடுக்காகக் கலவையில் ஒட்டி வளைவு எழுப்பும் அந்த முறையின் உறுதிக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. முகப்பின் சுண்ணாம்புக்கல்லுக்காக, பல பத்தாண்டுகளாக மூடிக்கிடந்த இண்டியானா மாநிலத்துக் கல்குவாரியையே மறுபடி திறந்தார்கள். சுவருக்குள்ளிருந்து 1913-ஆம் ஆண்டுத் தொழிலாளர்கள் செருகி வைத்த பீர் பாட்டில் ஒன்று, தங்கள் பெயரெழுதிய சீட்டுடன், கிடைத்தது. திருடுபோன கடிகாரத்தையும் யாரோ பெயர் சொல்லாமல் திருப்பித் தந்தார்கள். சுமார் 3,000 கைவினைஞர்களும் தொழிலாளர்களும் உழைத்த பிறகு 2024 ஜூன் 6 அன்று நிலையம் திறக்கப்பட்டது.

பக்கத்திலேயே இன்னொரு மீட்சி. ஆல்பர்ட் கான் தபால் நிலையமாக வடிவமைத்து, பின்னர் பள்ளிகளின் புத்தகக் கிடங்கான கட்டடம் 1987-இல் தீக்கிரையானது. மேல்தளத்தில் மக்கிய பாடநூல்களின் மேல் மரங்களே முளைத்து நின்றன. 2023-இல் அது புதுத்தொழில் முனைவோருக்கான கூடமாகத் திறக்கப்பட்டது. கானின் கான்கிரீட் தூண்கள் தாங்கின.

ஃபோர்டு போன்ற கைகள் எல்லாக் கட்டடத்துக்கும் வாய்ப்பதில்லை. 1924-இல் திறந்து 1984-இல் மூடப்பட்ட புக் காடிலாக் ஹோட்டல் 2008-இல் மறுபடி திறக்க ஏறத்தாழ 20 கோடி டாலர் தேவைப்பட்டது. வங்கிக் கடன், நகர நிதி, வரிச்சலுகை என்று பலவற்றைச் சேர்த்துத் தைத்துத்தான் அந்தத் தொகை கூடியது. வரலாற்றுக் கட்டடத்தை முறைப்படி புதுப்பித்தால் தகுதியுள்ள செலவில் 20 சதவீதத்தை மத்திய வரியில் கழித்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடம்தருகிறது. இந்தச் சலுகை இல்லாமல் டெட்ராய்ட் மையத்தின் புதுப்பிப்புகளில் பல கணக்குக்கே வந்திருக்காது. ஆனால் அது கிடைப்பது வேலை முடிந்த பிறகு. காலியாகக் கிடக்கும் ஆண்டுகளில் தார்ப்பாய் போடுவதற்கும், வடிகுழாயைச் சுத்தம் செய்வதற்கும், ஒரு காவலாளிக்கும் ஆகும் சிறு செலவுக்கு அதுபோன்ற நிலையான ஏற்பாடு எதுவும் இல்லை.

அந்த ஏற்பாடு இப்போது அவசரமாக வேண்டியிருக்கிறது. 1977-இல் ஆற்றங்கரையில் திறந்த ரெனசான்ஸ் சென்டர் கோபுரங்களை விட்டு, ஹட்சன்ஸ் மனையில் எழுந்த புதிய கட்டடத்துக்குத் தன் தலைமையகத்தை மாற்றுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் 2024-இல் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில், அந்தக் கோபுரங்களில் இரண்டை இடித்துவிட்டு மற்றவற்றை மாற்றியமைக்கும் திட்டமும் பொதுப்பணத்துக்கான கோரிக்கையுடன் முன்வைக்கப்பட்டது. எதை இடிப்பது, எத்தனை வீடுகள் வருவது என்பதிலேயே விவாதம் சுற்றிவருகிறது. முடிவாகும் வரையிலான ஆண்டுகளில் கூரைக்கும் குழாய்க்கும் கண்ணாடிக்கும் யார் பொறுப்பு, அதற்கான தொகை எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளும்படி டெட்ராய்ட் மக்கள் தங்கள் மாநகர மன்றத்தைக் கேட்க வேண்டும்.