தரங்கம்பாடியில் வாழக் கற்ற அயல்நாட்டார்



குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறை வழியாகக் கிழக்கு நோக்கிச் சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் தரங்கம்பாடியை அடையலாம். காவிரி பாயும் நெல் நாட்டின் கடலோர எல்லையில் அமைந்த ஊர் அது. 1620 முதல் 1845 வரை, ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, அவ்வூர் டென்மார்க் நாட்டாரின் ஆட்சியில் இருந்தது. அவர்கள் செய்த வாணிகத்தையும் உடன்படிக்கைகளையும் வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறும். குளிர் நாட்டில் பிறந்த மக்கள் நம் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் எவ்வாறு நாள்தோறும் வாழக் கற்றனர் என்பதையே இன்று நாம் காணப் போகிறோம்.

டென்மார்க்கில் மார்கழி மாதத்துப் பகற்பொழுது ஏழு மணி நேர அளவே. ரொட்டி, உப்பிட்ட இறைச்சி, கம்பளி உடை ஆகியவற்றுக்குப் பழகியவர்கள் அந்நாட்டார். 1618-இல் ஓவ் ஜெட்டி என்பார் தலைமையில் அவர்களுடைய கப்பல்கள் புறப்பட்டன. இலங்கையை அடைவதற்குள் பயணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோர் 1620 நவம்பரில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை பெற்று, டேன்ஸ்போர்க் என்னும் கோட்டையைக் கட்டத் தொடங்கினர்.

கோட்டையை எழுப்பிவிடலாம், அதனுள் வாழ்வது வேறு. கல்லும் மரமும் கப்பலில் கொணர்ந்து ஊர் கட்ட இயலாது. இந்நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், இந்நாட்டுக் கொத்தர்களின் கைத்திறனும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. தடித்த சுவர், உயர்ந்த கூரை, தூண்கள் தாங்கும் நிழலான தாழ்வாரம் ஆகியவற்றை இன்றும் தரங்கம்பாடியின் இராஜ வீதியில் காணலாம். வெயிலை வெளியே நிறுத்திக் கடற்காற்றை உள்ளே வரவேற்கும் வீடுகள் அவை.

தாய்நாட்டின் துணை முற்றிலும் அற்றுப்போன ஒரு காலமும் அவர்களுக்கு வாய்த்தது. 1669 வரை பல ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. நோயாலும் முதுமையாலும் டேனியர் ஒவ்வொருவராகக் குறைந்தனர். இறுதியில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்னும் எளிய மனிதர் ஒருவரே எஞ்சினார். அவர் வங்கக் கடலில் பிறர் கப்பல்களைக் கைப்பற்றிச் சரக்கை விற்றுச் செலவை ஈடுகட்டினார். அது போற்றத்தக்க வழியன்று. ஆயினும் ஊரைச் சுற்றி மதில் எழுப்பிக் கோட்டையைக் காத்தார். 1669-இல் கப்பல் வந்தபோது டேனியக் கொடி பறந்துகொண்டுதான் இருந்தது. உள்ளூர் மக்களின் உழைப்பும் உணவும் இன்றித் தனி ஒருவரால் இது முடிந்திருக்குமா? சிந்தித்துப் பாருங்கள்.

இவ்வளவு நடந்த பின்னரும் ஐரோப்பியருள் தமிழைக் கற்க முற்பட்டவர் அரியர். கடற்கரை ஊர்களில் வழங்கிய போர்த்துகீசிய மொழியைக் கொண்டே அவர்கள் காரியத்தை முடித்துக்கொண்டனர். 1706 ஜூலையில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரிமார் இருவருள் ஒருவரான பர்த்தலோமேயு சீகன்பால்கு வேறு வழியை நாடினார். திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அணுகி, சிறுவர்களோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினார். அப்போது அவருக்கு வயது 24.

அவருடைய கடிதங்களிலிருந்து அவரது நாளொழுங்கை அறிகிறோம். காலையில் முன்பு கற்ற சொற்களைத் திருப்பிப் பார்ப்பார். எட்டு மணி முதல் நண்பகல் வரை, தமிழ்ப் புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருக்க, தமிழ் நூல்களைப் படிப்பார். உணவுக்குப்பின் சிறிது ஓய்வு. பிற்பகலில் மீண்டும் படிப்பு. விளக்கொளியில் கண் வருந்தாதிருக்க, இரவில் பிறர் படிக்கக் கேட்பார். இரண்டே ஆண்டுகளில், 1708-இல், நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஓலைச்சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். இந்நாட்டார் என்ன உண்கின்றனர், எவ்வாறு வாழ்கின்றனர் என்பனபோன்ற கேள்விகளைத் தமிழர்க்கே எழுதி அனுப்பி, விடைகளைத் தொகுத்தார். அவருடைய தோழர் கிருண்டலர், 1711-இல் தமிழ் மருத்துவம் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. மறு ஆண்டு சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் வெளிவந்தது. சமயப்பணிக்காக வந்தவர் அவர். எனினும் அவர் கற்ற கல்வி அந்நோக்கத்தைக் கடந்தும் பயன் தந்தது.

கற்றவரெல்லாம் நீடு வாழ்ந்தனர் என்று எண்ணிவிடலாகாது. சீகன்பால்கு 1719-இல் தம் 36-ஆம் வயதிலேயே மறைந்தார். 1730-இல் வந்த ஷ்லேகல்மில்ஷ் என்னும் மருத்துவர் சில வாரங்களில் நோயுற்று இறந்தார். 1732-இல் அவர் இடத்துக்கு வந்த க்னோல் என்னும் மருத்துவரோ 1767 வரை இங்கேயே வாழ்ந்தார். தரங்கம்பாடியிலிருந்து 1756-இல் நிக்கோபார்த் தீவுகளில் அமைத்த குடியேற்றம் காய்ச்சலால் சிதைந்தது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897-இல் கண்டறியும்வரை அந்நோய் பரவும் வழி விளங்கவில்லை. ஆதலால் மடிந்தவர்களை மதியற்றவர் என்று பழிப்பது முறையன்று.

மற்றொன்றையும் மறத்தலாகாது. டேனியர் பீரங்கியோடும் உடன்படிக்கையோடும் வந்தவர்கள். கற்காமல் இருந்தாலும் அவர்களுக்குக் கோட்டை இருந்தது. பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா சென்ற நம் தஞ்சை மாவட்டத்து ஏழை உழைப்பாளிக்கு அத்தகைய அரண் எதுவும் இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பால் வெட்டவும், அந்நாட்டுச் சந்தையில் மலாய் மொழி பேசவும் அவர் உடனே கற்றேயாக வேண்டியிருந்தது. அவர் கற்ற கல்வியை எந்தப் பட்டியலும் குறித்து வைக்கவில்லை; அதனால் அது சிறியதாகிவிடாது.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை வெயில் மிகுந்த நாடுகளுக்கோ பனி மிகுந்த நாடுகளுக்கோ செல்லக்கூடும். உடல் அந்நாட்டுத் தட்பவெப்பத்துக்கு மெல்ல மெல்லத் தானே பழகும். அதற்கு மருத்துவமும் துணை செய்யும். உள்ளம் தானே பழகாது. அந்நாட்டாரை ஆசிரியராகக் கொண்டு, அவர்கள் மொழியையும் உணவையும் பொழுதுகளையும் கற்க வேண்டும். படித்த ஒருவர் நம் ஊர்ச் சிறுவரோடு மணலில் அமர்ந்து "அ" எழுதியது தாழ்வன்று. அயல்நாட்டில் வாழப் புகுவோர் எவருக்கும் முதற்பாடம் அதுவே.