பரண் காத்த கடிகாரம்

மலருக்குக் கட்டுரை கேட்ட குழுவினர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். மெக்கானிகல்காரர்கள் மட்டும் படித்துவிட்டு, மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிற மாதிரி இருக்கக் கூடாதாம். நியாயமான நிபந்தனைதான். அதனால் எல்லோர் கையிலும் ஒரு காலத்தில் இருந்த ஓர் இயந்திரத்தைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். ஸ்பிரிங், பல்சக்கரம், உராய்வு, எண்ணெய், அதிர்வு என்று நாம் நாலு வருஷம் முட்டி மோதிப் படித்த அத்தனையும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் அடங்கியிருக்கும் இயந்திரம் அது. மெக்கானிகல் கைக்கடிகாரம்.

அதிலும் ஒரே ஒரு மாடலின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். பெயர் எல் ப்ரிமேரோ. ஸ்பானிய மொழியில் 'முதலாவது' என்று அர்த்தம். ஸ்விட்ஸர்லாந்தில் ஜூரா மலைப் பகுதியில் லெ லாக்ல் என்ற சிறிய ஊரில், 1865-ல் ஜார்ஜ் ஃபாவ்ர்-ஜாக்கோ தொடங்கிய ஜெனித் கம்பெனியின் படைப்பு. அந்த ஊரும் பக்கத்து ஊரான லா ஷோ-த-ஃபோனும் கடிகாரத் தொழிலுக்காகவே வளர்ந்தவை. 2009-ல் யுனெஸ்கோ இரண்டையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

கதைக்குள் போகுமுன் ஒரு சின்ன பாடம். பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது.

வாட்சுக்குச் சாவி கொடுத்த தலைமுறை நம்மில் இன்னும் இருக்கிறார்கள். சாவி கொடுக்கும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகுகிறது. அது விரியப் பார்க்கிறது. விட்டால் சில நொடிகளில் சர்ரென்று அவிழ்ந்துவிடும். அப்படி அவிழாமல், பல்சக்கரங்களின் கடைசியில் ஒரு காவல்காரன் நின்று ஒவ்வொரு பல்லாக விடுகிறான். அதுதான் எஸ்கேப்மென்ட். அவனுக்குத் தாளம் போட்டுக் கொடுப்பது இப்படியும் அப்படியும் ஆடும் பாலன்ஸ் வீல். 'டிக் டிக்' என்று நமக்குக் கேட்பது பல்லை நிறுத்தி விடும் சத்தம். பழைய வாட்ச்களில் பெரும்பாலும் மணிக்கு 18,000 டிக், அதாவது ஒரு செகண்டுக்கு ஐந்து.

இதற்கு மேல் மணி, நிமிடம், செகண்ட் தவிர வேறு எதைக் காட்டினாலும் அதைக் 'காம்ப்ளிகேஷன்' என்பார்கள். டாக்டர் இந்த வார்த்தையைச் சொன்னால் நமக்குப் பயம் வரும். கடிகாரக்காரர் சொன்னால் விலை ஏறும், அவ்வளவுதான். தேதி ஒரு எளிய காம்ப்ளிகேஷன். லீப் வருஷத்தைக்கூடத் தானே கணக்கில் வைத்துக்கொண்டு பிப்ரவரி 29-ஐக் காட்டும் பர்பெச்சுவல் காலண்டர், கஷ்டமானது. அதையும் 2100-ல் கையால் திருத்த வேண்டிவரும், ஏனென்றால் 2100 லீப் வருஷம் அல்ல. பொத்தானை அழுத்தினால் மணியை அடித்துச் சொல்லும் மினிட் ரிப்பீட்டர், அதைவிடக் கஷ்டமானது. விளையாட்டு மைதானத்து ஸ்டாப் வாட்சைக் கைக்கடிகாரத்துக்குள்ளேயே வைப்பது குரோனோகிராஃப். நம் கதை இந்தக் கடைசி வகையைப் பற்றியது.

கை அசைவிலேயே தனக்குச் சாவி கொடுத்துக்கொள்ளும் ஆட்டோமாட்டிக் கைக்கடிகாரம் 1920-களிலேயே வந்துவிட்டது. குரோனோகிராஃப் அதற்கும் முன்பே வந்தாயிற்று. ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க 1969 வரை யாராலும் முடியவில்லை. காரணம், இடம். ஆட்டோமாட்டிக்குக்கு ஒரு கனமான அரைவட்டத் தகடு உள்ளே முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். குரோனோகிராஃபுக்கு லீவர்களும் சக்கரங்களும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும்.

ஜெனித் இந்த வேலையை 1962-ல் தொடங்கியது. கம்பெனியின் நூற்றாண்டான 1965-க்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தார்கள். புராஜெக்ட் செய்தவர்களுக்குத் தெரியும், அது எப்போது முடியும் என்று! 1969 ஜனவரி 10 அன்றுதான் எல் ப்ரிமேரோவை உலகுக்குக் காட்ட முடிந்தது. அதே வருஷம் மார்ச் 3 அன்று ஹாயர், ப்ரைட்லிங், ஹாமில்டன்-ப்யூரன் முதலியோர் சேர்ந்த கூட்டணி தன்னுடையதை அறிவித்தது. ஜப்பானில் ஸீகோவும் அதே ஆண்டில் ஓர் ஆட்டோமாட்டிக் குரோனோகிராஃபை விற்பனைக்கு விட்டது. யார் முதல் என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நாம் அந்தப் பஞ்சாயத்துக்குப் போக வேண்டாம்.

எல் ப்ரிமேரோவின் சிறப்பு வேறு இடத்தில் இருந்தது. கூட்டணிக்காரர்கள் ஒரு சின்னச் சுழல்தகடு வைத்த இயந்திரத்தின் மேல் குரோனோகிராஃபைத் தனிப் பெட்டியாகத் திருகி வைத்தார்கள். ஜெனித் எல்லாவற்றையும் ஒரே இயந்திரமாகவே வரைந்தது. முழு அளவுச் சுழல்தகடு, பால் பேரிங்கில். சிறு தூண்கள் நிற்கும் ஒரு சக்கரம்தான் ஓடு, நில், திரும்பு என்று எல்லா லீவர்களுக்கும் உத்தரவு போடும். இத்தனையும் சேர்ந்து 6.5 மில்லிமீட்டர் கனம்தான். டிக் எண்ணிக்கை மணிக்கு 36,000, அதாவது ஒரு செகண்டுக்குப் பத்து. அதனால் செகண்டில் பத்தில் ஒரு பங்கை இந்த வாட்ச் அளக்கும். வேகம் கூடினால் எஸ்கேப்மென்டில் போட்ட எண்ணெய் சிதறிப் போய்விடும். அதற்காக உலர்ந்த மசகு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். இவ்வளவு வேகமாக ஓடியும், கழற்றி வைத்தால் 50 மணி நேரம் நிற்காமல் ஓடியது.

ஏழு வருஷ உழைப்பு. ஆனால் அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே வினை வந்தது. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் ஸீகோ 'ஆஸ்ட்ரான்' என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. விலை 450,000 யென். செகண்டுக்கு 8,192 தடவை அதிரும் ஒரு படிகம், அதை எண்ண ஒரு மின்சுற்று, ஒரு பாட்டரி. மாதத்துக்கு ஐந்து செகண்டுக்கு மேல் பிசகாது என்றார்கள். நல்ல மெக்கானிகல் வாட்ச் ஒரே நாளில் அவ்வளவு பிசகும். பிறகு 32,768 என்ற எண் நிலைபெற்றது. எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு அதன் அழகு உடனே புரியும். பதினைந்து தடவை இரண்டால் வகுத்தால் மிச்சம் சரியாக ஒன்று, ஒரு செகண்ட்.

விலை மளமளவென்று இறங்கியது. போதாக்குறைக்கு ஸ்விஸ் நாணயத்தின் மதிப்பும் ஏறியது. 1970-ல் ஒரு டாலருக்கு நாலு ஃப்ராங்குக்கு மேல் கிடைத்தது, 1978-ல் இரண்டு ஃப்ராங்குகூடக் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் ஸ்விஸ் வாட்சின் விலை தானாகவே இரட்டிப்பானது மாதிரி. 1970 வாக்கில் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த ஸ்விஸ் கடிகாரத் தொழிலில், 1980-களின் நடுவில் மிஞ்சியது மூன்றில் ஒரு பங்கு பேர்தான். மலையடிவார ஊர்களில் பட்டறைக்குப் பட்டறை பூட்டு.

ஜெனித் மட்டும் தப்புமா? 1971-ல் அது சிகாகோவின் ஜெனித் ரேடியோ கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. ரேடியோ, டெலிவிஷன் செய்கிறவர்கள். பெயர் ஒன்று, தொழில் வேறு. எதிர்காலம் குவார்ட்ஸ்தான் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். 1975-ல் உத்தரவு வந்தது. மெக்கானிகல் இயந்திரத் தயாரிப்பை நிறுத்து, மெஷின்களையும் டூல்களையும் எடைக்குப் போடு. நம் ஊர் பாஷையில் சொன்னால், எல்லாம் காயலான் கடைக்கு.

இங்கேதான் ஷார்ல் வெர்மோ வருகிறார். குரோனோகிராஃப் பட்டறையின் ஃபோர்மேன். டைரக்டர் அல்ல, டிசைன் தலைவரும் அல்ல. ஆட்டோமாட்டிக் குரோனோகிராஃப் ஒரேயடியாகச் செத்துப்போகும் என்று நினைப்பது தவறு, உலகம் திரும்பித் திரும்பி வரும் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார். பலன் இல்லை. பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆள் அரவம் இல்லாத நேரங்களில், எல் ப்ரிமேரோவுக்கு வேண்டிய டைகள், கேம்கள், வெட்டும் கருவிகள், வரைபடங்கள் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைப் பரணுக்கு ஏறின. முக்கியமான விஷயம், எது எதற்கு, எந்த வரிசையில் என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் கட்டி, ஒரு நோட்டில் எழுதியும் வைத்தார். பிறகு பரணை அடைத்துவிட்டு வாயையும் மூடிக்கொண்டார்.

ஒன்பது வருஷம் அது அங்கேயே கிடந்தது. இடையில் 1978-ல் அமெரிக்கர்கள் விற்றுவிட்டுப் போக, பால் காஸ்டெல்லாவின் டிக்ஸி குழுமம் ஜெனித்தை வாங்கியது. டிக்ஸி அதே லெ லாக்லில் மெஷின் டூல் செய்கிற கம்பெனி. டூலின் அருமை தெரிந்தவர்கள். 1980-களின் தொடக்கத்தில் மெக்கானிகல் குரோனோகிராஃப் வேண்டும் என்று கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எபெல் கம்பெனி கையிருப்பில் கிடந்த எல் ப்ரிமேரோக்களை வாங்கிக்கொண்டது. மறுபடி புதிதாகச் செய்ய முடியுமா என்ற கேள்வி எழுந்தபோது வெர்மோ பரணைத் திறந்தார். 1984-ல் உற்பத்தி மீண்டும் தொடங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ருசிகரம். ரோலெக்ஸின் டேடோனா குரோனோகிராஃபை அதுவரை கையால்தான் முறுக்க வேண்டும். அதை ஆட்டோமாட்டிக் ஆக்க ரோலெக்ஸ் தேடிப் போனது எல் ப்ரிமேரோவைத்தான். டிக் வேகத்தை 28,800-ஆகக் குறைத்து, தேதியை நீக்கி, இன்னும் பல பாகங்களை மாற்றி, 1988-ல் வெளியிட்டது. 2000-ல் சொந்த இயந்திரம் தயாராகும் வரை டேடோனாவுக்குள் ஓடியது, பரணில் கிடந்த அந்த டூல்களின் வாரிசு. 1999-ல் ஜெனித்தை ஃப்ரான்ஸின் எல்.வி.எம்.எச். குழுமம் வாங்கியது. எல் ப்ரிமேரோவின் புதிய தலைமுறைகள் இன்றும் அதே 36,000-ல் ஓடுகின்றன. அந்தப் பரணையும் பத்திரமாக வைத்துப் பார்வையாளர்களுக்குக் காட்டுகிறார்கள்.

சரி, உத்தரவை மீறியவரை நான் புகழ்கிறேனா? கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்விதான். சிகாகோக்காரர்கள் முட்டாள்கள் அல்ல. 1975-ல் அவர்கள் முன்னால் இருந்த எண்கள் அவர்கள் பக்கம்தான். குவார்ட்ஸ்தான் உலகத்தின் வாட்ச் என்பதும் பின்னால் நிஜமாயிற்று. நம் ஓசூரில் டைட்டன் தொழிற்சாலை எழுந்ததும் குவார்ட்ஸ் நம்பிக்கையில்தானே! அவர்கள் கணக்கில் விட்டது ஒன்றே ஒன்று. ஒரு பொருள் வரைபடத்தில் மட்டும் இருப்பதில்லை, அதைச் செய்யும் டூல்களிலும் செய்தவர் கைப்பழக்கத்திலும் பாதி இருக்கிறது. அந்தப் பாதிக்கு பாலன்ஸ் ஷீட்டில் பத்தி கிடையாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பம்ப் தொழிற்சாலையில் (பெயர் வேண்டாமே) பழைய மாடல் ஒன்றுக்கு ஸ்பேர் ஆர்டர் வந்தது. டிராயிங் இருந்தது. மர பேட்டர்ன் இல்லை. இடத்தை அடைக்கிறது என்று எப்போதோ விறகாகப் போயிருந்தது. டிராயிங்படி புது பேட்டர்ன் செய்து வார்த்தால், ஒவ்வொரு காஸ்டிங்கிலும் ஒரே மூலையில் ஓட்டை. ரிட்டயர் ஆன மோல்டர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். வந்து பார்த்துவிட்டு, "ரைசரை இங்க வெச்சா எப்படிங்க தம்பி? நாங்க அந்தக் காலத்துலயே இந்தப் பக்கம் மாத்திட்டமே" என்றார். டிராயிங்கில் அந்த மாற்றம் ஏறவே இல்லை. அவர் உயிரோடு இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். வெர்மோ நோட்டில் எழுதி வைத்ததன் அருமை அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பழையதையெல்லாம் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று சொல்லவில்லை. எல்லாப் பழைய டூலும் எல் ப்ரிமேரோ ஆகாது. ஷெட் நிறைய இரும்பை வைத்துக்கொண்டு தொழில் நடத்தவும் முடியாது. ஆனால் ஒன்றை எடைக்குப் போடுவதற்கு முன், அதோடு போகப் போகும் விஷயம் என்ன என்று கேட்டு எழுதிவைக்க ஒரு நாள் போதும். அதற்கு யாருடைய உத்தரவையும் மீற வேண்டியதில்லை.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் நாம் எல்லோரும் கை வைத்த பழைய லேத்துகள் என்றைக்காவது ஏலத்துக்குப் போகும். அதற்கு முன் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய், அங்குள்ள அண்ணன்மாரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த மெஷின் எங்கே இழுக்கும், எந்த கியரைத் தட்டித்தான் போட வேண்டும், எந்த டூலை யார் எதற்காகத் தீட்டி வைத்தார்கள் என்று அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். எழுதி முடித்த நோட்டைச் சங்கத்திடம் கொடுத்தால், அடுத்த மலரில் அதை அச்சிடும்படி குழுவினரிடம் நானே பேசுகிறேன்.